பி.எட்.டும் சமூகவியலும் சேர்த்துப் படிக்கலாமா? வடசென்னையில் என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தண்டையார்பேட்டைப் பக்கம் ஒரு பள்ளியில் ஆறாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரை சமூக அறிவியல் நடத்துகிறேன். பி.ஏ. வரலாறு, பிறகு பி.எட்., வேலைக்கு வந்தபின் தொலைநிலைக் கல்வியில் எம்.ஏ. சமூகவியல் என்ற வரிசையில் படித்தவள். ஒவ்வொரு வருடமும் பிளஸ் டூ முடிவு வந்த கையோடு பழைய மாணவர்கள், அவர்களுடைய அக்காமார், சில நேரம் அம்மாமார்கூட வந்து நிற்பார்கள். கேட்பது ஏறக்குறைய ஒரே கேள்விகள். வாயால் சொன்னால் பாதி மறந்துபோகிறது என்பதால் எழுதி வைக்கிறேன்.

மிஸ், பி.ஏ. சமூகவியல் படித்தால் ஹைஸ்கூல் டீச்சர் ஆகலாமா?

அந்தப் பட்டத்தை மட்டும் வைத்துக்கொண்டு அரசுப் பள்ளியில் ஆக முடியாது. கசப்பான பதில்தான். ஆனால் மூன்று வருடம் படித்து முடித்துவிட்டு, பி.எட். விண்ணப்பிக்கப் போன இடத்தில் இதைக் கேள்விப்பட்டு அழுத பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். அதனால்தான் இதை முதல் கேள்வியாக வைத்தேன்.

ஆறு முதல் பத்து வரை நடத்துகிறவர் பட்டதாரி ஆசிரியர். ஆசிரியர் தேர்வு வாரியம் இந்தப் பணியிடத்துக்குத் தமிழ், ஆங்கிலம், கணிதம், இயற்பியல், வேதியியல், தாவரவியல், விலங்கியல், வரலாறு, புவியியல் என்று பாடவாரியாக ஆள் எடுக்கிறது. சமூக அறிவியல் நடத்த வேண்டுமானால் வரலாறு அல்லது புவியியல் பட்டம் வேண்டும். சமூகவியல் அந்தப் பட்டியலில் இல்லை. பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்புக்கான முதுகலை ஆசிரியர் பணியிடத்திலும் இல்லை. மாநிலப் பாடத்திட்டத்தில் மேல்நிலை வகுப்பில் சமூகவியல் என்று தனிப் பாடமே கிடையாதே.

பி.எட். சேர்க்கையிலும் ஒரு முடிச்சு இருக்கிறது. பொருளியல், வணிகவியல், அரசியல் அறிவியல், சமூகவியல், உளவியல் போன்ற பாடங்களை எடுத்தவர்கள் வெறும் இளநிலைப் பட்டத்தோடு வந்தால் தமிழ்நாட்டில் பி.எட். இடம் கிடைக்காது. முதுகலையும் முடித்திருக்க வேண்டும். வரலாறு படித்தவர் மூன்றும் இரண்டும் ஐந்து வருடத்தில் ஆசிரியர் படிப்பை முடித்துவிடுவார். சமூகவியல் படித்தவருக்கு ஏழு வருடம் ஆகும்.

இத்தனைக்கும் பள்ளிப் புத்தகத்துக்குள் சமூகவியல் நிறையவே இருக்கிறது. ஆறாம் வகுப்புக் குடிமையியலின் முதல் பாடம் பன்முகத்தன்மை, அடுத்தது சமத்துவம். ஏழாம் வகுப்பில் பெண்கள் மேம்பாடு வருகிறது. பாடம் இருக்கிறது, அதைப் படித்தவருக்குப் பணியிடம் இல்லை. இது மாற வேண்டும் என்று மனதார நினைக்கிறேன். மாறும் வரைக்கும் பிள்ளைகள் ஏமாறக் கூடாது.

அப்போ எந்த வரிசையில் படிக்கணும்?

பி.ஏ. வரலாறு அல்லது புவியியல். அப்புறம் பி.எட். அப்புறம் எம்.ஏ. சமூகவியல். வேலைக்கான கதவை முதல் இரண்டும் திறக்கும். மூன்றாவதை அவசரமில்லாமல், சம்பாதித்துக்கொண்டே படிக்கலாம்.

கலைப் பட்டத்துக்கு நம் ஏரியாவை விட்டு வெளியே போக வேண்டியதுகூட இல்லை. வியாசர்பாடியில் டாக்டர் அம்பேத்கர் அரசு கலைக் கல்லூரி, பிராட்வே பக்கம் பாரதி மகளிர் கல்லூரி, பழைய வண்ணாரப்பேட்டையில் சர் தியாகராயா கல்லூரி என்று எல்லாமே ஒரு பஸ் தூரம்தான். துணைப்பாடத்தில் சமூகவியல் கிடைத்தால் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒன்றை மட்டும் சேரும் முன்பே பார்த்துவிடுங்கள். பட்டத்தின் பெயர் வரலாறு என்றே இருக்கிறதா, அல்லது சுற்றுலா, பண்பாடு என்று வேறு ஏதாவது ஒட்டியிருக்கிறதா? ஒட்டியிருந்தால், அது வரலாற்றுப் பட்டத்துக்கு இணையானது என்று அரசாணை இருக்கிறதா என்று கேளுங்கள். சான்றிதழ் சரிபார்ப்பு மேசையில் போய் நின்று இதற்குப் போராடுவது பெரிய வேதனை.

நான் ஏற்கெனவே பி.ஏ. சமூகவியல் மூணாவது வருஷம். இப்போ சொல்றீங்களே!

படித்தது வீண் இல்லை. உங்கள் முன்னால் மூன்று வழி இருக்கிறது.

முதல் வழி, எம்.ஏ. சமூகவியல் முடித்து பி.எட். சேர்வது. அதன்பின் சி.பி.எஸ்.இ., ஐ.எஸ்.சி. பாடத்திட்டத்தில் சமூகவியலைப் பாடமாக வைத்திருக்கும் தனியார் பள்ளிகளில் பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்புக்கு நடத்தலாம். அப்படிப்பட்ட பள்ளிகள் குறைவு, பெரும்பாலும் நம் பகுதிக்கு வெளியே இருக்கும். ஆனால் ஆள் தேடும்போது இரண்டு தகுதியும் சேர்ந்தவர் எளிதில் கிடைக்க மாட்டார் என்பதால் உங்களுக்கு மதிப்பு இருக்கும்.

இரண்டாவது, எம்.ஏ. முடித்து நெட் அல்லது செட் (கல்லூரி ஆசிரியருக்கான தேசிய, மாநிலத் தகுதித் தேர்வுகள்) எழுதிக் கல்லூரி ஆசிரியர் ஆவது. இதற்கு பி.எட். தேவையே இல்லை. முதுகலையில் பொதுப்பிரிவினருக்கு 55 விழுக்காடு வேண்டும், இட ஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 50.

மூன்றாவது கொஞ்சம் நீளமான வழி. தொலைநிலையில் பி.ஏ. வரலாறு இன்னொரு முறை படித்து, அதை வைத்து பி.எட். போவது. அரசுப் பள்ளிதான் வேண்டும் என்று உறுதியாக இருக்கிறவர்களுக்கு மட்டும் இதைச் சொல்வேன். 21 வயதில் மூன்று வருடம் மலைபோலத் தெரியும். ஆனால் அந்த மூன்று வருடமும் எங்காவது வேலை பார்த்துக்கொண்டே படிக்கலாம்.

எம்.ஏ.வையும் பி.எட்.டையும் ஒரே நேரத்தில் படிக்கலாமா? ரெண்டு வருஷம் மிச்சமாகுமே.

முன்பு முடியாது. 2022 ஏப்ரலில் பல்கலைக்கழக மானியக் குழு வழிகாட்டுதல் வெளியிட்டு, இரண்டு படிப்புகளை ஒரே காலத்தில் படிக்கலாம் என்று அனுமதித்தது. இரண்டும் நேரடி வகுப்பாக இருந்தால் நேரம் மோதக் கூடாது. ஒன்று நேரடியாகவும் மற்றது தொலைநிலையாகவும் இருக்கலாம். அதன்படி பகலில் பி.எட்., கூடவே இந்திரா காந்தி திறந்தநிலைப் பல்கலைக்கழகத்திலோ தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகத்திலோ எம்.ஏ. சமூகவியல் என்று கணக்குப் போடுகிறார்கள். அப்படிச் சேர்வதானால் பி.எட். கல்லூரியிடம் முன்கூட்டியே எழுத்தில் அனுமதி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அலுவலகத்தில் ஒருவர் வாயால் சொன்ன சம்மதம் ஐந்து வருடம் கழித்துச் சான்றாக நிற்காது.

சட்டம் விடுகிறது, சரி. உடம்பு விடுமா? பி.எட். 2015 முதல் இரண்டு வருடப் படிப்பு. வகுப்புக்கு 80 விழுக்காடு வருகை கட்டாயம், பள்ளிப் பயிற்சிக்கு 90. முதல் வருடம் நான்கு வாரம், இரண்டாம் வருடம் பதினாறு வாரம் பள்ளியில் இருக்க வேண்டும். அந்தப் பதினாறு வாரமும் காலை வழிபாட்டுக்கு முன்னால் பள்ளியில் நிற்க வேண்டும். மாலை வீட்டுக்கு வந்தால் மறுநாள் லெசன் பிளான், சார்ட், ரெக்கார்டு எழுதும் வேலை. நான் படித்த காலத்தில் பி.எட். ஒரு வருடம்தான், அதற்கே ரெக்கார்டு நோட்டின்மேல் தலை வைத்துத் தூங்கியிருக்கிறேன். இதோடு எம்.ஏ. ஒப்படைப்பும் தேர்வும் சேர்ந்தால் இரண்டுமே மேலோட்டமாகப் போய்விடும்.

வீட்டு நிலைமை நெருக்கினால் ஒன்று செய்யலாம். எம்.ஏ.வை பி.எட். இரண்டாம் வருடத்தின் கடைசியில், பள்ளிப் பயிற்சி முடிந்தபின் தொடங்குங்கள். ஆறு மாதம் மிச்சமாகும். எனக்கு நியாயமாகப் படும் அளவு அதுதான்.

பி.எட்.டையே தபாலில் படித்துவிட்டால்?

புதிதாகப் பட்டம் முடித்தவருக்கு அந்த வழி கிடையாது. தொலைநிலை பி.எட்., ஏற்கெனவே தொடக்கக் கல்வி ஆசிரியர் பயிற்சியை நேரடி வகுப்பில் முடித்தவர்களுக்கானது. “காலேஜ் போக வேண்டாம், சர்டிபிகேட் வீட்டுக்கு வரும்” என்று யாராவது சொன்னால் பணத்தைக் கொடுக்காதீர்கள்.

பிளஸ் டூ முடிச்சதும் நேரா நாலு வருஷப் படிப்பு இருக்காமே?

இருக்கிறது. பட்டமும் பி.எட்.டும் சேர்ந்த நான்கு வருடப் படிப்பு. தென் மாநிலப் பிள்ளைகளுக்கென்று மைசூருவில் இருக்கும் மண்டலக் கல்வியியல் நிறுவனம் இதில் பேர்பெற்றது. தேசிய அளவில் நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். வெளியூரில் விடுதியில் தங்கிப் படிக்க வீட்டில் ஒத்துக்கொண்டால் தயங்காமல் விண்ணப்பியுங்கள், ஒரு வருடம் மிச்சம்.

பி.எட்.டுக்கு எங்கே போவது? தினமும் திருவொற்றியூரிலிருந்து வரணும்.

சென்னையில் அரசுக் கல்வியியல் கல்லூரிகள் இரண்டு. ஒன்று சைதாப்பேட்டையில் இருப்பது, 1856-இல் தொடங்கியது. மற்றது காமராசர் சாலையில், கடற்கரைக்கு எதிரே இருக்கும் லேடி வில்லிங்டன், இது பெண்களுக்கானது. அரசு உதவி பெறும் கல்லூரிகளில் நமக்குப் பக்கம் வேப்பேரியில் இருக்கும் செயின்ட் கிறிஸ்டோபர் மகளிர் கல்வியியல் கல்லூரி. ராயப்பேட்டையில் மெஸ்டன் இருக்கிறது.

சைதாப்பேட்டை தூரம் என்று பயப்பட வேண்டாம். 2021 பிப்ரவரியில் மெட்ரோ ரயில் வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர் வரை நீட்டப்பட்டது. திருவொற்றியூரில் ஏறினால் வண்டி மாறாமல் சைதாப்பேட்டையில் இறங்கலாம். முன்பெல்லாம் இதே தூரத்துக்கு இரண்டு பஸ் மாறி, தங்கசாலை நெரிசலில் நின்று, முதல் பீரியடைத் தவறவிட்ட பிள்ளைகள் உண்டு. ரயிலில் உட்கார இடம் கிடைத்தால் ஒரு பாடம் படித்துவிடலாம்.

பணம்?

அரசு, அரசு உதவி பெறும் கல்லூரிகளில் இடம் கிடைத்தால் கட்டணம் சமாளிக்கக் கூடியது. அதனால் முதலில் கலந்தாய்வுக்கு விண்ணப்பியுங்கள். தனியார் கல்லூரி முன்பணம் கேட்டு அவசரப்படுத்தினாலும் கலந்தாய்வு முடியும்வரை பொறுங்கள். குறைந்தபட்ச மதிப்பெண் பொதுப்பிரிவுக்கு 50 விழுக்காடு, பிற்படுத்தப்பட்டோருக்கு 45, மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கு 43, பட்டியல் சாதியினர், பழங்குடியினருக்கு 40.

பி.ஏ. படிக்கும்போதே ஒரு உதவி இருக்கிறது. ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம். 2022 செப்டம்பர் 5-ஆம் தேதி அது தொடங்கி வைக்கப்பட்டதே நம் பாரதி மகளிர் கல்லூரியில்தான். பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன் 2024 ஆகஸ்டில் வந்தது. அந்தப் பணத்தில் மாதம் இருநூறு எடுத்து வைத்தால் பி.எட். முதல் தவணைக்கு ஒரு பிடிமானம்.

வேலைக்கு உதவாத சமூகவியலை எதுக்கு மிஸ் படிக்கணும்? எம்.ஏ. வரலாறு படிச்சா புரமோஷனாவது வரும்.

பதவி உயர்வுக் கணக்கு உங்கள் பக்கம்தான். முதுகலை ஆசிரியராக வேண்டுமென்றால் எம்.ஏ. வரலாறு படியுங்கள். சமூகவியல் அதற்கு ஈடாகாது.

ஆனாலும் நான் சமூகவியலுக்காக வாதாடுவேன். வகுப்பறைக்குள் நான் பார்த்துக் குழம்பிய பல விஷயங்களுக்கு அங்கேதான் விளக்கம் கிடைத்தது.

சமூகவியல் பல்கலைக்கழகத்துக்குள் வந்த கதையிலேயே பள்ளி ஆசிரியர் இருக்கிறார். எமில் துர்க்கைம் பிரான்சில் முதலில் பள்ளிகளில் தத்துவம் நடத்தியவர். 1887-இல் போர்தோ பல்கலைக்கழகத்துக்கு அவரை எடுத்தபோது அவருக்குத் தரப்பட்ட வேலை சமூக அறிவியலும் கல்வியியலும் நடத்துவது. ஆசிரியர்களுக்கு வகுப்பெடுத்துக்கொண்டேதான் அவர் சமூகவியலை ஒரு துறையாக நிறுத்தினார். 1902-இல் பாரிஸ் போனதும் கல்வி அறிவியல் துறைக்குத்தான். அந்த இருக்கையின் பெயரோடு சமூகவியல் என்ற சொல் சேர்ந்தது 1913-இல். ஆக, இந்த இரண்டு படிப்பும் ஒரே மனிதரின் மேசையில் ஒன்றாக இருந்தவை. இரண்டையும் சேர்த்துப் படிக்க நினைக்கும் நீங்கள் புதிதாக ஒன்றும் செய்யவில்லை.

இன்னொன்று நமக்கு நெருக்கமானது. ஹோவர்ட் பெக்கர் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் சிகாகோ நகரின் பள்ளி ஆசிரியர்கள் அறுபது பேரிடம் பேட்டி எடுத்து 1950-களின் தொடக்கத்தில் எழுதினார். ஆசிரியர்கள் மேலே போக முயல்வதைவிடப் பக்கவாட்டில் நகரத்தான் அதிகம் முயல்கிறார்கள் என்று கண்டார். ஏழைகள் வாழும் பகுதியில் முதல் வேலை கிடைக்கிறது. சேர்ந்த நாளிலிருந்து மனு போட்டு, வசதியான பகுதிப் பள்ளிக்கு இடமாற்றம் வாங்கிக்கொண்டு போய்விடுகிறார்கள். அனுபவம் கூடிய ஆசிரியர் எங்கே அதிகம் தேவையோ அங்கே நிற்பதில்லை.

இதை முதன்முதலில் படித்தபோது ராத்திரி வெகுநேரம் தூக்கம் வரவில்லை. “அந்தப் பக்கமா போஸ்டிங்? சீக்கிரம் டிரான்ஸ்பர் வாங்கிக்கோ” என்று எனக்கும் சொன்னார்கள். வடசென்னை என்ற பெயரைக் கேட்டதும் முகம் சுளிப்பவர்கள் கெட்டவர்கள் என்று அதுவரை நினைத்திருந்தேன். இது ஒருவருடைய குணத்தைப் பற்றிய விஷயம் அல்ல, ஆசிரியர் வேலையின் அமைப்பே அப்படித் தள்ளுகிறது என்று அன்றைக்குத்தான் புரிந்தது. நான் இங்கேயே இருப்பது என்று முடிவெடுத்ததில் அந்தக் கட்டுரைக்குப் பங்கு உண்டு. இங்கே பிறந்து வளர்ந்த பிள்ளைகள் ஆசிரியராகி இங்கேயே வர வேண்டும் என்று நான் மெனக்கெடுவதும் அதனால்தான். டிரான்ஸ்பர் கேட்டு ஓட அவர்களுக்குக் காரணம் குறைவு, வீடு பக்கத்திலேயே இருக்கிறது.

எங்க பேச்சைக் கேட்டாலே பி.எட். காலேஜில் சிரிக்கிறாங்க. நான் எப்படி டீச்சராகி தமிழில் பாடம் நடத்தறது?

இந்தக் கேள்வியைக் கேட்ட பெண் காசிமேட்டுக்காரி. நன்றாகப் படிக்கிறவள். அவளுக்குச் சொன்னதை எல்லோருக்கும் சொல்கிறேன்.

பேசில் பெர்ன்ஸ்டைன் என்று ஒரு கல்விச் சமூகவியலாளர். லண்டனில் துறைமுகத்தை ஒட்டிய கிழக்குப் பகுதியில், உழைக்கும் குடும்பங்கள் நடுவில் வேலை பார்த்து, அங்கே இளைஞர்களுக்குப் பாடமும் எடுத்தவர். அந்தப் பிள்ளைகள் வீட்டில் பேசுவது சுருக்கமான பேச்சு. எதிரில் இருப்பவருக்குச் சூழல் தெரியும், அதனால் எல்லாவற்றையும் விரித்துச் சொல்லத் தேவையில்லை. பள்ளி கேட்பது விரித்துச் சொல்லும் பேச்சு. படித்தவர் வீட்டுப் பிள்ளைக்கு அது வீட்டிலேயே பழகியிருக்கும். இவர்களுக்குப் பள்ளியில்தான் முதல் அறிமுகம். அதைக் கற்றுக்கொடுக்காமலே பரீட்சையில் மட்டும் எதிர்பார்த்தால் பிள்ளை “மக்கு” ஆகிவிடுகிறான். பெர்ன்ஸ்டைன் சொன்னதை ஏழைகளின் மொழி குறையுள்ளது என்று சிலர் திரித்துவிட்டார்கள். அப்படிப் படிக்காதீர்கள். பள்ளியின் எதிர்பார்ப்புக்கும் வீட்டுக்கும் நடுவில் ஒரு இடைவெளி இருக்கிறது, அதைத் தாண்ட உதவுவது ஆசிரியர் வேலை என்பதே நான் எடுத்துக்கொண்டது.

வகுப்பில் இதை நான் செய்யும் விதம் எளிது. எட்டாம் வகுப்பில் ஒரு நாள், வீட்டில் பேசுகிற சொற்களைப் பலகையில் எழுதச் சொல்வேன். நாஷ்டா, நைனா, பேஜார், அப்பால. அப்புறம் ஒவ்வொன்றும் எங்கிருந்து வந்தது என்று தேடுவோம். நாஷ்டாவும் பேஜாரும் உருது, நைனா தெலுங்கு, அப்பால நல்ல பழந்தமிழ் “அப்பால்”. துறைமுகத்துக்கும் கோட்டைக்கும் வேலை தேடி எந்தெந்த ஊர் மனிதர்கள் இங்கே வந்து சேர்ந்தார்கள் என்ற வரலாறு பலகையில் தானாக விரியும். அதே மணி நேரத்தில், “இதையே பத்தாம் வகுப்புப் பரீட்சைத் தாளில் எப்படி எழுதுவாய்?” என்று எழுத்துத் தமிழுக்கும் மாற்றிப் பார்ப்போம். இரண்டு தமிழும் தெரிந்த பிள்ளைக்கு எந்த இடத்திலும் நாக்கு ஒட்டாது. இரண்டும் தெரிந்த ஆசிரியர்தான் அதைக் கற்றுத்தர முடியும். சிரிக்கிறவர்களுக்கு ஒன்றுதான் தெரியும், உங்களுக்கு இரண்டும் தெரியும்.

டீச்சிங் பிராக்டிஸில் சமூகவியலை எப்படிக் கொண்டுவருவது? சூப்பர்வைசர் போர்ஷன் முடிக்கச் சொல்றாரே.

போர்ஷனுக்குள்ளேயே கொண்டுவரலாம். தொழிலாளர் இயக்கம் பற்றிய பாடம் வருகிறது என்று வையுங்கள். இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கங்களில் ஒன்றான சென்னைத் தொழிலாளர் சங்கம் 1918 ஏப்ரல் 27-இல் பெரம்பூரில் தொடங்கியது. பின்னி மில் என்று நம் ஊரில் சொல்லும் பக்கிங்காம், கர்நாடிக் மில் தொழிலாளர்கள்தான் அதன் உயிர். பி.பி. வாடியாவும் திரு.வி.க.வும் முன்னால் நின்றார்கள். நம் பிள்ளைகளில் பலருக்குப் பாட்டனோ பூட்டனோ “பின்னி மில்லுல இருந்தாரு” என்று வீட்டில் ஒரு கதை இருக்கும். பாடத்துக்கு முந்தின நாள் வீட்டில் பெரியவர்களிடம் மூன்று கேள்வி கேட்டு வரச் சொல்லுங்கள். என்ன வேலை செய்தார்கள், எந்தத் தெருவில் இருந்தார்கள், மில் போனபிறகு என்ன செய்தார்கள். மறுநாள் வகுப்பு உங்கள் கையில் இருக்காது, பிள்ளைகள் கையில் இருக்கும்.

அதற்குப் பிறகு 1921 வேலைநிறுத்தத்துக்கு வாருங்கள். ஒரே மில்லில் ஒரே கூலிக்கு நின்ற தொழிலாளர்கள் சாதியால் பிரிந்து, புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்து, உயிர்கள் போன வருடம் அது. தொழிலாளர் என்ற ஒற்றுமை எந்த இடத்தில் உடைந்தது, ஏன் உடைந்தது? வரலாற்றுப் புத்தகம் நடந்ததைச் சொல்லும். இந்த “ஏன்” என்ற கேள்வியைக் கேட்கச் சமூகவியல் பழக்கும். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் இதற்குச் சொல்லும் பதில்களைக் கேட்டால் அசந்துபோவீர்கள்.

ஒரு எச்சரிக்கை. சாதியைப் பற்றிப் பேசும் வகுப்பில் எந்தப் பிள்ளையையும் எழுப்பி “நீ என்ன ஆளுங்க?” என்று கேட்கும் இடத்துக்குப் பேச்சு போகவே கூடாது. பொதுவான கேள்வியாகவே வைத்துக்கொள்ளுங்கள். நாங்குநேரியில் 2023 ஆகஸ்டில் ஒரு மாணவனை வீடு புகுந்து வெட்டிய சம்பவத்துக்குப் பிறகு நீதிபதி சந்துரு தலைமையில் ஒரு நபர் குழு அமைத்தார்கள். 2024 ஜூனில் அவர் கொடுத்த அறிக்கை, பள்ளிப் பெயர்களிலிருந்து சாதியை நீக்க வேண்டும், மாணவர்கள் சாதியைக் காட்டும் வண்ணக் கயிறுகளைக் கட்டக் கூடாது என்றெல்லாம் பரிந்துரைத்தது. சமூகவியல் படித்த ஆசிரியருக்கு அந்தக் கயிற்றின் பொருள் முதல் நாளே தெரியும். திட்டாமல், பெயர் சொல்லி அவமானப்படுத்தாமல் அதைக் கழற்ற வைப்பது எப்படி என்று யோசிக்கவும் தெரிய வேண்டும்.

பி.எட். பாடங்களிலேயே சமூகவியல் வருமா?

வரும். சமகால இந்தியாவும் கல்வியும், பாலினம் பள்ளி சமூகம், எல்லோரையும் உள்ளடக்கிய பள்ளி என்று தாள்கள் இருக்கின்றன. எம்.ஏ. சமூகவியல் முடித்துவிட்டு வருகிறவர்களுக்கு இவை எளிது. மற்றவர்கள் கைடு புத்தகத்தை மனப்பாடம் செய்து தேர்வு எழுதிவிட்டு மறந்துவிடுகிறார்கள். எனக்கு இருக்கும் பெரிய ஆதங்கம் இது. பாலினம் பற்றிய தாளில் நல்ல மதிப்பெண் வாங்கியவர்களே, “பொண்ணுங்க கூட்டிப் பெருக்குங்க, பசங்க பெஞ்ச் தூக்குங்க” என்று வகுப்பில் சொல்வதைக் கேட்டிருக்கிறேன்.

எம்.ஏ. ஆய்வேட்டுக்கு எங்க தெருவையே எடுத்துக்கலாமா?

தாராளமாக. எண்ணூர் முகத்துவாரத்து மீனவக் குடும்பங்களின் மாறும் தொழில், பர்மாவிலிருந்து திரும்பியவர்கள் குடியேறிய வியாசர்பாடி, பெரம்பூர் ரயில்வே குடியிருப்புகளும் ஆங்கிலோ இந்தியக் குடும்பங்களும், குடிசை அகற்றப்பட்டு ஊருக்குத் தெற்கே பெரும்பாக்கத்துக்கும் கண்ணகி நகருக்கும் அனுப்பப்பட்ட பிள்ளைகளின் படிப்பு நின்றுபோன கதை என்று எத்தனையோ இருக்கிறது. கடைசியாகச் சொன்னது ஆசிரியராகப் போகிறவர் எடுக்க வேண்டிய தலைப்பு. வருடத்தின் நடுவில் வீடு மாறினால் ஒரு பதினான்கு வயதுப் பெண்ணின் பள்ளி என்ன ஆகிறது என்று ஒருவர் பொறுமையாக எழுத வேண்டும்.

தெரிந்த தெரு என்பது வசதி, அதே நேரம் சிக்கலும்தான். அத்தை, சித்தி என்று கூப்பிடுகிறவர்களிடம் நோட்டுப் புத்தகத்தோடு போய் உட்காரும்போது எதற்காகக் கேட்கிறீர்கள் என்று சொல்லிவிட்டுக் கேளுங்கள். பெயரையும் வீட்டு அடையாளத்தையும் மாற்றி எழுதுங்கள். முடிந்ததும் ஒரு பிரதியைக் கொண்டுபோய் அவர்களுக்குப் படித்துக் காட்டுங்கள்.

டெட் பாஸ் பண்ணிட்டா வேலை வந்துடுமா?

வராது. ஆசிரியர் தகுதித் தேர்வு தகுதியை மட்டும் தருகிறது. ஆறு முதல் எட்டு வரைக்கான இரண்டாம் தாளில் 150 கேள்வி. குழந்தை வளர்ச்சியும் கற்பித்தலும் 30, தமிழ் 30, ஆங்கிலம் 30, சமூக அறிவியல் 60. பொதுப்பிரிவுக்கு 90 எடுத்தால் தேர்ச்சி, மற்றவர்களுக்குத் தளர்வு உண்டு. ஒருமுறை தேறினால் ஆயுளுக்கும் செல்லும். அதன்பின் 2018-இன் அரசாணை 149-படி நியமனத்துக்குத் தனியாகப் போட்டித் தேர்வு எழுத வேண்டும். அந்த முறையில் பட்டதாரி ஆசிரியர் தேர்வு முதன்முதலாக 2024 பிப்ரவரியில் நடந்தது. அதில் தமிழ்த் தகுதிப் பகுதியில் 50-க்கு 20 எடுக்காவிட்டால் பாடத்தாளைத் திருத்தவே மாட்டார்கள்.

தமிழ் வழியில் படித்தவர்களுக்கு 20 விழுக்காடு முன்னுரிமை இருக்கிறது. ஒன்றாம் வகுப்பிலிருந்தே தமிழ் வழியில் படித்ததற்குச் சான்று கேட்பார்கள். பள்ளி மூடப்பட்டாலோ தலைமையாசிரியர் மாறினாலோ அந்தச் சான்றிதழ் வாங்க அலைச்சல் அதிகம். வேலைக்கு இன்னும் நாளிருக்கிறது என்று விடாமல், பி.ஏ. படிக்கும்போதே தொடக்கப் பள்ளிக்குப் போய் வாங்கி வைத்துவிடுங்கள்.

எனக்கு முப்பத்தி நாலு வயசு, ரெண்டு பிள்ளைங்க. பி.ஏ. வரலாறு முடிச்சுப் பத்து வருஷம் ஆச்சு. இனிமே முடியுமா?

முடியும் அக்கா. உங்களைப் போல ஒருவர் என்னோடு பி.எட். படித்தார்கள். கைக்குழந்தையை மாமியாரிடம் விட்டுவிட்டு வருவார்கள். வகுப்பு நிர்வாகத்தில் எங்கள் எல்லோரையும்விட அவர்களே கெட்டி.

முதலில் இந்த மூன்றை முடியுங்கள். பி.ஏ. மதிப்பெண் பட்டியல், மாற்றுச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ் எல்லாம் கையில் இருக்கிறதா, பெயரும் இனிஷியலும் எல்லாவற்றிலும் ஒரே மாதிரி இருக்கிறதா என்று பாருங்கள். பத்தாம் வகுப்பு சமூக அறிவியல் புத்தகத்தை எடுத்து தினமும் ஒரு பாடம் படியுங்கள், உங்கள் பெரிய பிள்ளைக்கே நடத்திப் பாருங்கள். அப்புறம் பி.எட். கலந்தாய்வு அறிவிப்பு வந்ததும், பள்ளி விட்டபின் மாலையில் வாருங்கள், விண்ணப்பத்தை உட்கார்ந்து நிரப்புவோம்.